பார்லி படாத மில்

மே 3, சனி

காலையிலிருந்து மழை. ட்ருகனினாவில் மழை தனியாக வராது, காற்றையும் கூட்டிக்கொண்டு வரும். பின்வேலி மறுபடி சாய்ந்துவிட்டது. முரளி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார். கல்யாணமானதிலிருந்து பார்க்கிறேன், அவருடைய நாளைகள்.

இன்று முடிக்க வேண்டியது: தானியம் உடைக்கும் மில். எதை வாங்குவது என்று மூன்று வாரமாகத் தள்ளிப்போட்டாயிற்று.

பிப்ரவரியில் டாக்டர் சீலியாக், குடலுக்குக் குளூட்டன் ஆகாது, என்று சொன்னதிலிருந்து கோதுமை, பார்லி, ரை மூன்றும் கிடையாது. துளிகூட. சப்பாத்தி போனதில் வருத்தமில்லை. ரவா தோசை, கொஞ்சம். பார்லியில் செய்கிற பியர் போனதுதான். குடிப்பதைவிடக் காய்ச்சுவது. ஆறு வருடமாக மாதம் ஒரு சனிக்கிழமை, நகரின் மறுகோடியில், நோபல் பார்க்கில், பிலோமினா அக்காவின் கராஜில்.

ரவிக்கை தைக்கக் கொடுக்கப் போனவள் நான். உள்ளேயிருந்து சத்துமாவு கிண்டுகிற மாதிரி வாசனை. "என்னக்கா அது?" என்று கேட்டேன். அவ்வளவுதான். மன்னார்க்காரி. ஐம்பத்தெட்டு வயது. மகன்கள் இரண்டு பேரும் சிட்னியில், நார்த்மீட் பக்கம். கராஜின் முன்பாதியில் தையல் மெஷின், திரைச்சீலைக்குப் பின்னால் பியர்ப் பானை. சர்ச்சுக்குப் போகும் அன்ரிமாருக்கு முன்பாதி மட்டும்தான் தெரியும்.

இப்போது வழி ஒன்று கிடைத்திருக்கிறது. பனிவரகு மால்ட். முளைகட்டி, உலர்த்தி, மூட்டையாகவே விற்கிறார்கள். குளூட்டன் இல்லை. இங்கே அது கிளிக்குப் போடும் தானியம். பிலோ அக்காவிடம் போனில் சொன்னேன். "குருவிச் சாப்பாட்டிலயோ பியர்?" என்று சிரித்தார்.

ஆனால் உடைக்க வேண்டுமே. பியர் காய்ச்சும் சாமான் விற்கிற ஹோம்புரூ கடையின் மில்லில் வருடக்கணக்காக பார்லி ஓடுகிறது. கடைக்காரர் நல்ல மனிதர், துடைத்துத் தருவதாகச் சொன்னார். கடைக்குள் காற்றிலேயே மாவு. வெளியே வந்துவிட்டேன்.

மிக்ஸியில் உடைத்துப் பார்த்தது ஏப்ரலில். நைஸாக மாவாகிவிட்டது. வெந்நீரில் விட்டதும் கூழ். வடிகட்டியில் ஒரு சொட்டு இறங்கவில்லை. முரளி அதில் உப்பும் மோரும் கலந்து சாப்பிட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார்.

பார்த்தவை:
– கறி அரைக்கும் மெஷின் மாதிரி, கைப்பிடி, இரண்டு தகடு. மலிவு. மாவாக்கும். வேண்டாம்.
– மூன்று உருளை. அழகு. ஆனால் மேல் இரண்டு உருளைக்கும் நடுவே இடைவெளியை மாற்ற முடியாது. பார்லிக்கென்றே செய்தது. பனிவரகு அப்படியே கீழே விழுந்துவிடும்.
– இரண்டு உருளை, இரு பக்கமும் திருகு, இடைவெளியை எவ்வளவு வேண்டுமானாலும் குறைக்கலாம். உருளையில் ஆழமான வரிகள், சின்னத் தானியத்தையும் கவ்வும் என்று போட்டிருக்கிறது.

மூன்றாவதுதான். வாங்குமுன் ஒரு சந்தேகம்: தயாரிக்கிற இடத்தில் சோதனைக்கு பார்லி போட்டு ஓட்டியிருப்பார்களா? ஈமெயில் அனுப்பியிருக்கிறேன். நிலா எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, யூ ஆர் அப்செஸ்ட்" என்றாள். பித்துப் பிடித்திருக்கிறதாம். இருக்கலாம்.

மே 10, சனி

பதில் வந்தது: தானியம் எதுவும் போடவில்லை. மில்லும் வந்தது. நினைத்ததைவிடக் கனம். எண்ணெய் வாசனை. துடைத்துத் துடைத்து இரண்டு துணி கறுப்பு.

இடைவெளி அளக்க முரளியின் கார்ச் சாமான் பெட்டியில் ஒன்று கிடைத்தது. விசிறி மாதிரி விரியும் மெல்லிய எஃகு இதழ்கள், ஒவ்வொன்றிலும் தடிமன் மில்லிமீட்டரில் பொறித்திருக்கிறது. உருளைகளுக்கு நடுவே இதழை விட்டு இழுத்தால் லேசாகப் பிடித்து விட வேண்டும்.

0.9: தகரத்தில் மழை பெய்கிற சத்தத்தோடு அத்தனையும் முழுசாகக் கீழே.
0.7: பாதி உடைந்தது. பாதி தப்பித்தது.
0.5: மாவு. உருளை நின்றுவிட்டது.
0.6: கிட்டத்தட்ட. இரண்டு மூன்றாக உடைகிறது.

ஆனால் இடது பக்கம் மாவு, வலது பக்கம் முழுத் தானியம். அரை மணி நேரம் தானியத்தைத் திட்டினேன். பிறகுதான் உறைத்தது, இரண்டு திருகும் ஒரே எண்ணைக் காட்டினாலும் உருளைகள் இணையாக இல்லை. எண்ணை நம்பாமல் இரண்டு ஓரத்திலும் இதழை விட்டுப் பார்த்துச் சரிசெய்தேன். திருகை இறுக்கும்போது மறுபடி கொஞ்சம் நகர்கிறது. இறுக்கிய பிறகு இன்னொரு தடவை அளக்க வேண்டும். குறித்துக்கொள்.

டிரில் மெஷின் பொருத்தினால் வேகம் அதிகம், மாவு அதிகம். கையால் சுற்றுவதே சரி. தோள் வலிக்கிறது. நல்ல வலி.

மே 17, சனி

நோபல் பார்க். வெயில், ஆனால் குளிர். வெஸ்ட்கேட் பாலத்தில் வழக்கம்போல நெரிசல்.

காரில் ஏற்றியவை: மில், மால்ட், நெல் உமி, புது வாளி, புது அகப்பை, புது வடிதுணி, என் காபிக் கோப்பை. கோப்பையை ஒரு துண்டில் சுற்றி எடுத்துப்போனேன்.

பிலோ அக்கா (இனி பி.அ.) மில்லைச் சுற்றிச் சுற்றி வந்தார். "நல்ல சாமான். இனி நானும் கடையில அரைக்கக் குடுக்கத் தேவையில்லை. முழுப் பார்லி ஒரு மூட்டை வாங்கி வச்சிட்டன், பார்."

உண்மையாகவே மூலையில் ஒரு மூட்டை.

"இல்லக்கா. இதுல பார்லி படவே கூடாது. உருளை வரிக்குள்ள போயிடுச்சுன்னா எடுக்க முடியாது."

"கழுவிப் போட்டுத் தாறன்."

"தண்ணி பட்டா துருப்பிடிச்சிடும்க்கா. கோச்சுக்காதீங்க."

"ஏன் கோவிக்கிறன்?" என்றார். கோபித்துக்கொண்டார் என்று தெரிந்தது. சுடுதண்ணீர் வைக்கக் குசினிக்குள் போனவர் தேநீரோடு வந்தார். நான் என் கோப்பையை எடுத்து நீட்டினேன். ஒரு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ர கோப்பைக்கு என்ன?"

"ஒண்ணுமில்லக்கா. பழக்கம். எங்க போனாலும் இப்ப இப்படித்தான்."

ஊற்றினார்.

காய்ச்சியது: சரியில்லை. உடைத்த மால்ட்டை வெந்நீரில் ஊற வைத்தால் அதிலுள்ள மாவு சர்க்கரையாக மாற வேண்டும். மாறியதா என்று பார்க்க ஒரு சொட்டு எடுத்து அயோடின் விடுவோம். நீலமானால் மாவு இன்னும் இருக்கிறது. இன்று விட்ட எல்லாச் சொட்டும் நீலம். பார்லிக்கு இருக்கிற சத்து பனிவரகுக்கு இல்லை, தன் மாவைத் தானே கரைக்கத் திணறுகிறது. அல்லது இன்னும் சன்னமாக உடைக்க வேண்டுமோ.

என் முகம் எப்படி இருந்ததோ. கிளம்பும்போது பி.அ. தோளைத் தட்டி, "விடு பிள்ளை, அடுத்த முறை" என்றார்.

மே 31, சனி

ருசி பார்த்தது. கஞ்சித்தண்ணீரில் யாரோ கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் பூவைக் காட்டிவிட்டு எடுத்த மாதிரி. பி.அ. ஒரு மடக்கு குடித்து, "குடிக்கலாம்" என்றார். இரண்டாவது மடக்கு குடிக்கவில்லை.

கொட்டியது அவருடைய ரோஜாச் செடிக்கு.

ஜூன் 7, சனி

நீண்ட வார இறுதி. மூடுபனி. பத்து மணி வரை எதிர் வீடு தெரியவில்லை. அதன்பிறகு நோபல் பார்க்.

இம்முறை இரண்டு ஓட்டம்: முதலில் 0.7, பிறகு அதையே 0.55. மாவு குறைவு, முழுத் தானியம் அநேகமாக இல்லை. உள்ளங்கையில் போட்டுப் பார்த்தேன், நொய்யரிசி மாதிரி. திருப்தி. நெல் உமி கொஞ்சம் கூடுதலாகக் கலந்தேன், வடிவதற்கு.

வெந்நீரில் போட்டுக் கிண்டிக்கொண்டிருக்கும்போது போன். நிலா. நெட்பால் ஆட்டத்தில் விழுந்து கணுக்கால் வீங்கிவிட்டது. அழுகிறாள். முரளிக்கு இன்று ஷிஃப்ட்.

"நீ போ பிள்ளை. நான் பார்க்கிறன்" என்றார் பி.அ. அகப்பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். எல்லாவற்றையும் போட்டது போட்டபடி ஓடினேன். மில் அங்கேயே.

எலும்பு முறிவில்லை. ஐஸ், கட்டு, சோபா. பீட்சா கேட்டாள், வாங்கிக் கொடுத்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

காலையிலேயே பி.அ. போன். "செல்வி, நிறம் மாறேல்லை! அயோடின் விட்டன், மஞ்சளாவே நிண்டது. சீனி அளவும் நல்லா ஏறியிருக்குது. ஈஸ்ட்டும் போட்டாச்சு."

கத்திவிட்டேன். முரளி சமையலறையிலிருந்து ஓடி வந்தார்.

ஆக, இடைவெளிதான். இரண்டு ஓட்டம், 0.7, பிறகு 0.55. பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். ஒரு மயிரிழை கூடுவதிலும் குறைவதிலும் இத்தனை இருக்கிறது. இந்த வருடத்தில் என் கையால் சரியாக நடந்த முதல் காரியம்.

ஜூன் 21, சனி

பாட்டிலில் அடைத்தாயிற்று. மில்லை வீட்டுக்குக் கொண்டுவந்து தூரிகையால் துடைத்து மூடி வைத்தேன். பி.அ. வழக்கத்தைவிட அமைதி. மூட்டு வலியாம்.

ஜூலை 5, சனி

குடித்தேன்.

எப்படி எழுதுவது. நுரை நின்றது. தேன் நிறம். முதல் மடக்கில் ரொட்டி மாதிரி ஒரு வாசனை, பின்னால் கசப்பு. பியர். நிஜமான பியர். கராஜ் கதிரையில் உட்கார்ந்து கண் கலங்கிவிட்டது. பி.அ. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்கோ?"

"அக்கா, இதுக்கு மேல என்னக்கா வேணும்?"

"அது போதும்" என்றார். இரண்டு கிளாஸ். முரளி வந்து கூட்டிப்போனார். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தேனாம்.

நான்கு பாட்டில் வீட்டுக்கு.

ஜூலை 6, ஞாயிறு

இரவு முழுதும் வயிறு. எதுவோ ஒத்துக்கொள்ளவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

வேலைக்குப் போகவில்லை. பி.அ. போன் செய்தார், என்னவோ ஒத்துவரவில்லை என்று மட்டும் சொன்னேன். வயிறு பறை மாதிரி உப்பியிருக்கிறது. தலைக்குள் பஞ்சு. வாயில் புண். பிப்ரவரிக்கு முன்னால் இருந்த அதே எல்லாம்.

எதில் வந்தது?
– வெள்ளிக்கிழமை ஆபீஸில் சாப்பிட்ட சாலட்? உருளைக்கிழங்கும் முட்டையும்தான்.
– புதுப் பெருங்காயம்? அதில் கோதுமை சேர்ப்பார்கள். பார்த்தேன், சேர்க்காதது.
– நிலாவின் பீட்சா வெட்டிய கத்தி? போன மாதம்.

சாயங்காலம் கொஞ்சம் தேவலை. மனசைத் தேற்ற அரை கிளாஸ் பியர்.

ஜூலை 10, வியாழன்

அரை கிளாஸுக்குப் பிறகு இன்னும் மோசம். முழங்கையில் தடிப்பு. முரளி கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"புதுசா உள்ள போனது அந்த பியர் ஒண்ணுதான், செல்வி."

"அது பனிவரகுங்க."

"நீ பாதில வந்துட்டியே. மிச்சத்தை யாரு செஞ்சா?"

கோபம் வந்தது. அவர் மேல்தான். "அக்காவைப் பத்தி அப்படிப் பேசாதீங்க" என்றேன். அவர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனார்.

ஜூலை 12, சனி

மில்லைக் கழற்றினேன். தூரிகை போகாத இடம் ஒன்று உண்டு, உருளையின் ஓரத்தில், அச்சு உட்காரும் குழிக்குள். அங்கே சிக்கியிருந்தது ஒரு உமி. நீளமாக, படகு மாதிரி, மேலே வரிவரியாக. பனிவரகின் உமி கடுகு மாதிரி உருண்டையாக, பளபளவென்று இருக்கும். வடிவதற்குக் கலக்கும் நெல் உமியை மில்லில் போட்டதே இல்லை.

டார்ச் அடித்துப் பார்த்தேன். இன்னும் இரண்டு.

வெகுநேரம் எங்கள் கராஜ் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். கோபத்தைவிட முதலில் வந்தது வெட்கம். ஃபிரிட்ஜில் ஒட்டிய காகிதத்தைக் கிழித்துப் போட்டேன். 0.55ஆம்.

ஜூலை 13, ஞாயிறு

பி.அ. சர்ச்சில் பூசை முடிந்து வந்து தைத்துக்கொண்டிருந்தார். மில்லைக் கீழே வைத்தேன். உமியைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோயிருந்தேன். பிரித்து மேசையில் வைத்தேன்.

"இது பார்லி உமி அக்கா."

குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"ஓம்" என்றார். "போட்டனான்."

"எவ்வளவு?"

"அரிசி அளக்கிற சுண்டால நாலு. உன்ர மில்லிலதான் அரைச்சன். அந்தக் கூழ் அசையேல்லை, செல்வி. நிண்டு நிண்டு கிண்டினன். அயோடின் விட விட நீலம். நீ திரும்ப வந்து அந்த முகத்தோட நிப்பாய் எண்டு நினைக்க ஏலாமப் போச்சு."

"வீணாப் போனா போகட்டும்னு விட்டிருக்கலாமே."

"நாலு சுண்டு. அவ்வளவு பெரிய பானைக்குள்ள."

"நாலு நாள் எந்திரிக்க முடியலக்கா. தெரியாம மறுபடியும் அதையே எடுத்துக் குடிச்சேன்."

அவர் முகம் மாறியது. "என்னவோ ஒத்துவரேல்லை எண்டுதானே போன்ல சொன்னனி. நான் இதால எண்டு நினைக்கேல்லை."

"நினைக்கலையா, நினைக்கப் பிடிக்கலையா?"

தையல் மெஷின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"சண்டை நேரம் நான் உங்கட ஊரில மூண்டு வருசம் இருந்தனான், உனக்குத் தெரியும்தானே. மன்னாரில இருந்து படகில வந்து, அகதி முகாமில. அங்கயிருந்து ஒரு வீட்டுக்குத் தைக்கப் போறனான். நல்ல சனம். தேத்தண்ணி தருவினம். என்ர கோப்பை மட்டும் பின்பக்கச் சன்னல் கம்பியில கொளுவியிருக்கும். நானே எடுத்து, நானே கழுவி, நானே கொளுவ வேணும். நீ அண்டைக்கு உன்ர கோப்பையைத் துண்டில சுத்திக்கொண்டு வந்து என்ர மேசையில வச்சாய். டாக்குத்தர் சொன்னது எண்டு விளங்குது. மனசு கேக்கேல்லை. பேந்து இந்த மில்லையும் தொடாதே எண்டாய்."

"நான் அந்த வீட்டுக்காரி இல்லக்கா."

"அது எனக்குத் தெரியாதெண்டோ நினைக்கிறாய்?"

"அப்புறம் எனக்குச் சொல்லாம எனக்குள்ள எப்படிக்கா அதை ஊத்தினீங்க?"

பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அவர் எழுந்திருக்கவில்லை, நானும் உட்காரவில்லை. மில்லை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

பாலத்தின் மேல் காற்று காரைத் தள்ளியது. இரண்டு கையாலும் பிடித்து ஓட்டினேன்.

ஜூலை 20, ஞாயிறு

உடம்பு பரவாயில்லை. போன் இல்லை. நானும் செய்யவில்லை.

மீதமிருந்த பாட்டில்களைக் கொட்டினேன். அந்த வாசனை வந்தபோது கை ஒரு நொடி நின்றது.

நினைத்து நினைத்துப் பார்த்ததில் இரண்டும் உண்மை. அவர் செய்தது தவறு. சின்னத் தவறும் இல்லை. அந்தக் கோப்பையும் உண்மை. ஒன்றை வைத்து இன்னொன்றைக் கழிக்க வரவில்லை. முரளியிடம் சொன்னேன். "கழிக்கணும்னு யாரு சொன்னா?" என்றார்.

ஊரில், நான் வளர்ந்த வீட்டுப் பின்பக்கம் ஜன்னல் கம்பியில் ஏதாவது தொங்கியதா என்று யோசித்தேன். இல்லை என்று எழுத வந்தேன். நான் பின்பக்கம் அதிகம் போனதில்லை என்பதுதான் நிஜம்.

ஆறு வருடத்தில் ஒரு தடவைகூட அவர் முகாமில் இருந்ததைப் பற்றி நான் கேட்டதில்லை. "தெரியும்தானே" என்றார். ஒரு வரிதான் தெரியும்.

ஜூலை 29, செவ்வாய்

மதியம், வேலையில். பி.அ. போன். எடுத்துக்கொண்டு வெளியே, கார் நிறுத்துமிடத்துக்குப் போனேன். எலும்புக்குள் போகிற குளிர்.

"செல்வி, உன்ர குடலைப் படம் எடுத்தவையெல்லோ? அது இருக்கோ?"

"எதுக்குக்கா?"

"எனக்குக் காட்டு."

வீட்டுக்கு வந்து தேடி அனுப்பினேன். பிப்ரவரியில் எடுத்த படம், பக்கத்தில் நல்ல குடலின் படம். நல்லது வெல்வெட் மாதிரி. என்னுடையது தேய்ந்த பாய் மாதிரி.

அரை மணி நேரம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டார். மூக்கை உறிஞ்சும் சத்தம். "இப்பிடி எண்டு எனக்குத் தெரியாது, பிள்ளை" என்றார். பிறகு, "தெரிஞ்சிருக்க வேணும். நீ சொன்னதே போதுமா இருந்திருக்க வேணும். நான் செய்தது பிழை."

போனைக் காதில் வைத்தபடி கராஜுக்குப் போய் விளக்கைப் போட்டேன்.

"புது மில் வாங்கப்போறேன்க்கா. இங்க, எங்க கராஜ்லயே காய்ச்சலாம்னு இருக்கேன். வர்றீங்களா?"

"அவ்வளவு தூரம்..." என்றார். பிறகு, "வாறன்."

ஆகஸ்ட் 9, சனி

பி.அ. வந்தார். பாலத்தில் கார் ஓட்டப் பயம், அதனால் ரயில். ஒன்று மாறி இன்னொன்று. பக்கத்திலுள்ள டார்னீட் ஸ்டேஷனில் போய்க் கூட்டிவந்தேன்.

வெறுங்கையோடு இறங்கினார். எனக்குத் திக்கென்றது. இந்த மனுஷி எங்கே போனாலும் கேக், வட்டிலப்பம், மீன் பொரியல், ஒன்றுமில்லையென்றால் தோட்டத்துக் கறிவேப்பிலை, ஏதாவது பையில் இருக்கும். இன்று கைப்பைகூட இல்லை. கோட்டுப் பாக்கெட்டில் போனும் ரயில் கார்டும்.

நான் கைகளைப் பார்த்ததைக் கவனித்துவிட்டார்.

"ஒண்டும் கொண்டுவரேல்லை. என்ர வீட்டிலயிருந்து எதைக் கொண்டுவந்தாலும் உனக்குப் பயமாத்தான் இருக்கும். உடுப்பும் தோய்ச்சதுதான்."

ஸ்டேஷன் வாசலில் வைத்துக் கட்டிப்பிடித்தேன். ஒரு பையன் ஸ்கூட்டரில் எங்களைச் சுற்றிக்கொண்டு போனான்.

வீட்டில் முழங்கை வரை கை கழுவினார். "தலைமயிரும் கழுவ வேணுமோ?" "வேண்டாம்க்கா." தேநீர் போடும்போது அவரே அலமாரியைத் திறந்து, இருப்பதிலேயே பெரிய கோப்பையை எடுத்தார். முரளியுடையது. முரளி நிலாவின் யூனிகார்ன் கோப்பையில் குடித்தார்.

கார் வெளியே. கராஜில் அட்டைப்பெட்டிகள் ஓரமாக. புது மில், அதே மாடல். ஓரங்களில் இதழ் விட்டு அளப்பது எப்படி என்று காட்டினேன். நான் இடது திருகு, அவர் வலது. "கொஞ்சம் விடுங்க. கொஞ்சம். போதும்." இரண்டு பேர் பிடித்தால் இறுக்கும்போது நகர்வதில்லை. இதை முன்பே யோசித்திருக்கலாம்.

"மற்ற மில் அப்பிடியே கிடக்குது. நான் தொடேல்லை."

"அது உங்களோடதுக்கா. நீங்க வாங்கின மூட்டையை அதுல அரைங்க."

"சரி" என்றார். அதோடு விட்டோம்.

இம்முறை கடையில் கிடைக்கும் என்ஸைம் பொடியைச் சேர்த்தேன், பனிவரகுக்குக் குறைகிற சத்துக்கு. அயோடின்: வெளிர் ஊதா. நீலமும் இல்லை, மஞ்சளும் இல்லை. மறுபடி ஒரு மணி நேரம். அதே ஊதா. அதற்கு மேல் நகரவில்லை.

பி.அ. சொட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். "இதோட விடுவம்" என்றார்.

மாலை ரயிலேற்றி விட்டேன். கண்ணாடிக்குப் பின்னால் கை காட்டினார். முகாமைப் பற்றி மதியம் நானாகக் கேட்டேன். நிறையச் சொன்னார். அதை இங்கே எழுதப்போவதில்லை, அது அவருடையது.

செப்டம்பர் 6, சனி

வெயில். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள்ளுகிற முதல் நாள். முரளி வேலியை நிமிர்த்திக்கொண்டிருக்கிறார், நிஜமாகவே.

பி.அ. பதினொரு மணி ரயிலில். கராஜ் கதவைத் தூக்கிவிட்டு, வெயிலில் இரண்டு நாற்காலி. பாட்டில் திறந்தேன். சத்தம் நன்றாக வந்தது. நுரை எழும்பி, யோசித்து, அடங்கிவிட்டது. கலங்கலான மஞ்சள்.

பி.அ. ஒரு மடக்கு. வாயிலேயே வைத்திருந்து விழுங்கினார். காத்திருந்தேன்.

"இல்லைப் பிள்ளை" என்றார். "நல்லாயில்லை. தண்ணி மாதிரிக் கிடக்குது. கடைசியில கொஞ்சம் புளிப்பு."

குடித்துப் பார்த்தேன். சரியாகத்தான் சொன்னார்.

"ஆமாக்கா. நல்லால்ல."

சிரிப்பு யாருக்கு முதலில் வந்தது என்று தெரியவில்லை. முரளி சுத்தியலோடு எட்டிப் பார்த்தார். பி.அ. கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளாஸை நீட்டினார்.

"ஊத்து. இன்னும் கொஞ்சம்."